நான் செய்த பூட்டு

டப். டப். டப். ஏரிக்கரைமேல் லாரி வருகிறது. அதிலிருந்து சுடுகிறார்கள். நான் பூட்டின் வளையத்தை அராவிக்கொண்டிருக்கிறேன். அரம் வழுக்குகிறது.

"மேஸ்திரி, தொற! சீக்கிரம் தொற!" மல்லையா கத்துகிறான். அவன் மனைவி லச்சம்மா கதவோடு ஒட்டி நிற்கிறாள்.

1948 செப்டம்பர். வெள்ளிக்கிழமை. மாலை நாலரை. உசேன்சாகர் ஏரிக்கரை.

எதிரே பழைய கல் மண்டபம், அதன் கதவில்தான் இந்தப் பூட்டு. யாரோ ஒரு நவாப் படகு விடக் கட்டியது. மூன்று தலைமுறையாக மீனவர்கள் வலை வைக்கும் இடம். சுவர் இரண்டு முழக் கனம். உள்ளே போய்விட்டால் பிழைத்தோம். வெளியே ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை.

நான் வேலூர்க்காரன். இங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஆகஸ்டில், சமஸ்தானத்துக்காக இந்தியாவை எதிர்த்து நின்ற சீருடைக்காரர்கள் சிலர் மண்டபத்தைப் பிடித்துக்கொண்டு மூட்டை அடுக்கினார்கள். மீனவர்களைத் துரத்தினார்கள். வலைகள் ஈரத்தோடு உள்ளேயே கிடந்தன. என்னைப் பூட்டுச் செய்யச் சொன்னார்கள். பயந்து ஒப்புக்கொண்டேன்.

மல்லையா ஞாயிறுதோறும் எங்கள் காலனிக்கு மீன் கொண்டுவருவான். தமிழ் அங்கே பழகியது. பூட்டுச் செய்யும்போதே சொன்னான். "பேருக்கு ஒண்ணு போடு மேஸ்திரி. அப்புறம் நாங்க ஒடச்சுக்கறோம்."

"என் கையால மட்டமான வேலை வராது," என்றேன். என்ன திமிர் எனக்கு. நல்ல எஃகாகப் பார்த்து எடுத்தேன். சம்மட்டிக்கும் மசியாத பூட்டு.

அந்த வெள்ளிக்கிழமை, இந்தியப் படை நெருங்கிவிட்டது என்றார்கள். சீருடைக்காரர்கள் சாவியோடு ஓடிவிட்டார்கள். வலை மக்கிவிடும், வா என்று மல்லையா கூப்பிட்டான். அரத்தோடு போனேன்.

வளையம் பாதிதான் அறுந்திருக்கிறது. டப். டப். மல்லையா லச்சம்மாவைக் கீழே தள்ளி அவள்மேல் விழுகிறான். லாரி போய்விட்டது, எந்தப் பக்கத்தாருடையது என்று நான் பார்க்கவில்லை. அவன் எழவில்லை.

அதற்கப்புறமும் அராவினேன். எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. ஐந்தே முக்காலுக்குப் பூட்டு விழுந்தது. வலைகளைத் தொட்டேன். கையோடு பிய்ந்து வந்தன.

மண்டபம் இன்னும் நிற்கிறது. மீனவர்கள் இன்றும் அங்கேதான் வலை வைக்கிறார்கள். கதவுக்குப் பூட்டு இல்லை. எந்தப் படை எப்போது நுழைந்தது என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். மல்லையாவின் பெயர் ஒரு தாளிலும் இல்லை. ஆத்திரமாக வருகிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

வலை பதினொன்று. கரையிலிருந்த தோணி ஒன்று, குண்டு துளைத்தது. மல்லையா, வயது முப்பத்தாறு. லச்சம்மா அதன்பின் என்னோடு பேசவில்லை. பூட்டு என்னிடம்தான் இருக்கிறது. வளையம் மட்டும் அறுந்தது. உள்வேலையில் ஒரு பழுதும் இல்லை.