பழைய ஷாஃப்ட்டுக்குச் சுவர் வந்த விதம்

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒன்று குடித்துவிட்டுத்தான் வந்தேன். ராபர்ட்சன்பேட்டையில் டீ மட்டும் இன்னும் ஒழுங்காக இருக்கிறது. பெங்களூரில் அதையும் கெடுத்துவிட்டார்கள்.

என் பெயர் ஜெயகரன். பெங்களூரில் அரசியல் பாடத்தில் எம்.ஏ. இரண்டாம் வருடம். போன மாதம் பாலகாட் பக்கம் தங்கச் சுரங்கத்தின் பழைய ஷாஃப்ட் குழியில் விழுந்து இறந்தாளே ஐடா, அவள் என் வகுப்பு. தரை குலுங்கியதில் கால் தவறிவிட்டாள் என்று நீங்கள் விசாரணையை முடித்துவிட்டீர்கள். அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

அந்த ஷாஃப்ட்டை நீங்களே பார்த்தீர்கள். மற்ற ஷாஃப்ட்டுகளில் இன்னும் ஷிஃப்ட் ஓடுகிறது, இதில் மட்டும் வேலை நின்று வெகுகாலமாயிற்று. சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் குறுக்குவழி அதன் வாயை ஒட்டித்தான் போகிறது. சுற்றி இருந்த வேலியை விறகுக்குப் பிடுங்கியாயிற்று. ஒரு சுவர் கட்டுங்கள் என்று லைன்காரர்கள் கேட்காத ஆள் கிடையாது. வெங்கடம்மாவின் ஆடு விழுந்தது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குடித்துவிட்டு வந்த பெருமாள் விழுந்தான், ஒரு அதிகாரி வந்து இரண்டு கம்பி கட்டச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் ஆய்வேட்டுக்கு விஷயம் கிடைத்தது. அரசாங்கம் மனுவுக்கு அசையாது, சாவுக்கு அசையும். எவ்வளவு அசையும் என்பது செத்தவர் யார் என்பதைப் பொறுத்தது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை, பெருமாளுக்குக் கம்பி. அப்படியானால் சுவருக்கு யார் என்பதுதான் கேள்வி.

இது படிப்புத் திமிர் இல்லை சார். என் அப்பா நெஞ்சில் கல்தூசி அடைத்து, நஷ்டஈடு கேட்டு மனுமேல் மனு போட்டே போய்ச் சேர்ந்தவர். மனு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அவருடைய இருமல்தான் ஞாபகம் வரும்.

ஐடா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நாம எங்க ஜெயா கேக்கறோம்? அழறோம், இல்லன்னா கல்லு வுடறோம். கேக்கற எடத்துல கேக்கற மாதிரி கேட்டா குடுப்பாங்க" என்பாள். அவள் ஆய்வேடு முழுக்க அதுதான். எந்த ஆபீசில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரிந்துகொண்டு விடாமல் போய் நின்றால், லைன் ஜனங்களுக்கும் காரியம் நடக்கும் என்பது அவள் வாதம்.

எங்கள் பேராசிரியர் கோதண்டராமன் இரண்டையும் ரசித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு, ஒரே ஷாஃப்ட். அதையே எடுத்துக்குங்க. யார் சொன்னது நடக்குதுன்னு பாக்கலாம்" என்றார். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையோடு ஒரே ஒரு இடம் இருந்தது. யாருடைய வாதம் நிற்கிறதோ அவருக்கு அது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த இடம் இல்லாவிட்டால் நானும் கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியவன்தான்.

ஆய்வேட்டு வேலைக்காக இருவரும் ஊருக்கு வந்து தங்கினோம். ஐடா கோலாரில் இருக்கும் ஜில்லா ஆபீஸ்களுக்குப் பஸ் ஏற ஆரம்பித்தாள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். நான் காத்திருந்தேன். காத்திருப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. யாரும் விழவில்லை. பெருமாளுக்குப் பிறகு ஜனங்கள் ஜாக்கிரதையாகிவிட்டார்கள்.

யார் என்பதை நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. கிழவர்களை முதலிலேயே தள்ளிவிட்டேன், வயதாகிவிட்டது என்று ஊர் ஆறிப்போகும். குழந்தையாக இருந்தால் சுவர் சீக்கிரம் வரும், ஆனால் குழந்தை ஓர் இடத்தில் நிற்காது. ஐடா எங்கள் லைனிலிருந்து எம்.ஏ. வரை போன முதல் பெண். சர்ச்சில் பாடுகிறவள். அவள் போனால் இரண்டு யூனியன்களும் கொடியைச் சேர்த்துப் பிடிக்கும், பேப்பரில் படம் வரும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அவளிடம்தான் வந்து நின்றது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவளை எனக்குப் பிடிக்கும்.

நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். பூமிக்குள் பாறை வெடித்து மேலே தரை குலுங்கினால் வெளியூர் ஆட்கள் ஓடுவார்கள். இங்கே பிறந்தவர்கள் ஓடமாட்டார்கள். எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நின்று, கண்ணை மூடி, ஷிஃப்டில் இருக்கும் தங்கள் ஆளின் பெயரை மனதுக்குள் சொல்வார்கள். அபாயச் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுப்பார்கள். ஊதவில்லை என்று நிச்சயமான பிறகுதான் கண்ணைத் திறப்பார்கள். தலையில் குடத்தோடு நடுரோட்டில் அப்படி நிற்கும் பெண்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த மாதம் தரை அடிக்கடி குலுங்கியது. நான் தினமும் சாயங்காலம் பஸ் ரோட்டுக்குப் போய் ஐடாவை அழைத்துவர ஆரம்பித்தேன். துணைக்கு வருகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். பாதையில் ஷாஃப்ட் பக்கம் அவளை நடக்கவிட்டு நான் இந்தப் பக்கம் நடப்பேன். ஷாஃப்ட்டின் அருகே வரும்போதெல்லாம் ஏதாவது சந்தேகம் கேட்டு அவளைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பேன். அவள் நின்று, பொறுமையாக விளக்குவாள். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் குலுங்கியது. அவள் அப்பா ஏனோக் அப்போது கீழே ஷிஃப்டில் இருந்தார். அவள் கண்ணை மூடி நின்றாள். நான் தள்ளினேன்.

பிறகு ஓடிப்போய் ஊரைக் கூட்டியதும் நான்தான். அந்த ஷாஃப்ட்டில் கேஜ் இல்லை. யாரும் இறங்கத் துணியாதபோது, ஷிஃப்ட் முடிந்து வந்த ஏனோக்கே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன். மகளைத் தோளில் கட்டிக்கொண்டு மேலே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னிய நெனச்சுத்தானே தம்பி நின்னுட்டா எம்பொண்ணு. நான் லீவு போட்டிருந்தா பொழச்சிருப்பா" என்று அழுதார். அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தகப்பனின் குற்ற உணர்ச்சி கூட்டம் சேர்க்க உதவும் என்பதால் சும்மா இருந்தேன். இப்போது அவர் வேலைக்கும் போவதில்லை, யாரோடும் பேசுவதுமில்லை. அவர் மனைவி சாரா அவருக்குச் சோறு ஊட்டிவிடுகிறார்.

நான் எதிர்பார்த்தபடியே யூனியன்கள் வந்தன, பேப்பரில் படம் வந்தது. அடுத்த வாரமே சுவர் வேலை ஆரம்பமானது. நான் அத்தியாயத்தை எழுதி முடித்தேன்.

நேற்று டிபார்ட்மென்டில் அஞ்சலிக் கூட்டம். பேராசிரியர் கோலாருக்குப் போய் விசாரித்திருக்கிறார். சுவருக்கான உத்தரவு ஐடா செத்த அன்று காலையிலேயே கையெழுத்தாகிவிட்டதாம். "அந்தப் பொண்ணு கேட்டு வாங்கின சுவர். அவ சொன்னதுதான் நின்னுது" என்றார். ஆராய்ச்சி இடத்தை இந்த வருடம் யாருக்கும் தரப்போவதில்லை, அது ஐடாவின் பெயரில் காலியாகவே இருக்கட்டும் என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஓர் அவமானத்தை நான் பட்டதில்லை.

கையெழுத்து ஆவதும் கல் வந்து இறங்குவதும் ஒன்றா சார்? எத்தனை உத்தரவுகள் அலமாரியில் தூங்குகின்றன? அவள் சாவு இல்லாமல் ஒரு கல்லும் வந்திருக்காது. ஆனால் அது விபத்து என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும்வரை என் வாதத்தை யாரும் மதிக்கமாட்டார்கள். அதனால்தான் இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். சட்டமும் எங்களுக்கு ஒரு பாடம்தான்.

உத்தரவு வந்தது தள்ளுவதற்கு முன்பே எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அதைக் கேட்காமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரியும். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளே சொன்னாள். "ஆர்டர் ஆயிடுச்சு ஜெயா. திங்கக்கெழம கல்லு எறக்கறாங்க. வூட்டாண்ட கூட இன்னும் சொல்லல, மொதல்ல உன்னாண்டதான். எனுக்கு அந்த எடம் கெடச்சாலும் உன்னிய வுட்டுட மாட்டேன், சார்கிட்ட நானே பேசறேன்" என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஷாஃப்ட்டின் அருகே வந்ததும் தரை குலுங்கியது. கண்ணை மூடி "அப்பா" என்றாள். சங்கு ஊதவில்லை. அவள் கண்ணைத் திறப்பதற்குள் தள்ளிவிட்டேன்.

அவள் சொன்ன அதே திங்கட்கிழமைதான் கல் வந்து இறங்கியது. ஆனாலும் அவள் செத்ததால்தான் சுவர் வந்தது சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.