மச்சான் பாதியில் விட்டுவிட்டார்

பஸ் கிளம்பிவிட்டால்கூட நான் ஓட மாட்டேன், சார். அடுத்த பஸ் வரும். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை எனக்கு. நாள் முழுக்க நாற்காலி, மேஜை விளக்கு, சிவப்புப் பேனா. கால்களுக்கு அதில் பெரிய வேலை இல்லை, அவையும் குறை சொன்னதில்லை.

குறை சொன்னவர் என் மனைவியின் அண்ணன். மெத்தைக் கடை முதலாளி. ஊரார் சுகமாகத் தூங்குவதால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது, ஆனால் தூங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. விடிவதற்கு முன் ஓடிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட நேராக எங்கள் சமையலறைக்கு வருவார். என் வயிற்றைத் தட்டி, "மாப்ள, இது எத்தனாவது மாசம்?" என்பார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதே ஜோக், அதே சிரிப்பு. நான் ஏதாவது ஜோக் சொன்னால், "சரி, சாப்பிட வாங்க" என்பாள்.

என் பிறந்த நாளுக்கு அவர் கொடுத்த பரிசு, மலைக்காட்டில் ராத்திரி ஓட்டப் பந்தயம். என்னைக் கேட்காமலே என் பெயரைப் பதிந்துவிட்டார். கூடவே நெற்றியில் கட்டுகிற விளக்கு ஒன்று, விசில் ஒன்று. விழுந்து கிடந்தால் விசிலை ஊத வேண்டுமாம். பிறந்த நாளன்று மனிதன் வேறென்ன கேட்பான்?

"விட்டுட்டேன்கிற வார்த்தை இந்த வாயில வந்ததே இல்ல. நீயும் முடிச்சுக் காட்டு மாப்ள" என்றார், எல்லோர் முன்னாலும். எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

கொடி அசைந்ததும் மச்சானும் மற்றவர்களும் பறந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் காட்டில் நானும் என் நெற்றி விளக்கும்தான். மரங்களில் வழி காட்டக் கட்டியிருந்த மினுக்கு நாடாக்களைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு தொண்டர் வர வேண்டும் என்பது விதி. அந்தப் புண்ணியவான் என் வேகத்தைப் பார்த்துவிட்டு, வயிற்றுவலி என்று, வழியில் தண்ணீர் கொடுத்து ஆள் எண்ணுகிற முதல் நிலையத்திலேயே உட்கார்ந்துகொண்டார். புதிதாக ஓட வருகிறவர்களுக்கு இருட்டு பயமாக இருக்குமாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அங்கே யாரும் என் வயிற்றைத் தட்டவில்லை.

இறக்கத்தில் ஒரு வளைவு. அங்கேதான் பள்ளத்திலிருந்து "மாப்ள" என்று குரல் வந்தது. என்னைக் காணோம் என்று, தன் பந்தயத்தையும் கெடுத்துக்கொண்டு, இரண்டாம் நிலையத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறார். நீங்கள் அதைப் பாசம் என்கிறீர்கள். எனக்கு, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தது மாதிரி இருந்தது.

உங்கள் தாளில் நான் தள்ளிவிட்டதாக இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள், தவறு. கல் புரண்டு அவராகவேதான் விழுந்தார். விளக்கு உடைந்துவிட்டது. தொடையில் எலும்பு வெளியே தெரிந்தது. நான் மேலேயே நின்று வெளிச்சம் காட்டினேன்.

"இங்க போன் எடுக்காது. அடுத்த நிலையத்துல போய் இடத்த மட்டும் சொல்லு, அவங்க வந்து தூக்கிருவாங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டே, "மெதுவாவே போ மாப்ள. உனக்குத் தெரிஞ்சது அதுதானே" என்றார்.

எலும்பு வெளியே வந்த பிறகும் ஜோக் நிற்கவில்லை, பார்த்தீர்களா.

ஆனாலும் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. நிலையத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "சார், உங்க மச்சான் உங்களத் தேடித்தான் வந்தாரு, பாக்கலையா?" என்றாள்.

"பாத்தேன்மா. முடியலன்னு விட்டுட்டாரு. கீழ ரோட்டுக்கு இறங்கிப் போயிட்டாரு."

"அப்ப அவரத் தேட வேணாம்ல?"

"வேணாம்மா."

பட்டியலில் இருந்த அவர் எண்ணை அவள் கோடு போட்டு அடித்தாள். விட்டுட்டாரு. அந்த ஒரு வார்த்தை வாயில் எவ்வளவு இனித்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. அதற்குப் பிறகு நான் கொஞ்ச தூரம் ஓடக்கூடச் செய்தேன்.

பந்தயம் முடிகிற மைதானத்தில் என் மனைவி துண்டோடு காத்திருந்தாள். அண்ணன் எங்கே என்றாள். "தோத்த மூஞ்சியக் காட்ட முடியாம வீட்டுக்கு ஓடிட்டாரு. அந்த ஓட்டத்துல அவர்தான் ஃபர்ஸ்ட்" என்றேன். சிரித்தாள், சார். நான் சொன்னதற்குச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பாதை மலையைச் சுற்றி வந்து முடிகிறது. அதனால் அந்தப் பள்ளம் மைதானத்துக்கு நேர் மேலேதான் வருகிறது.

"என்னங்க, யாரோ விசில் அடிக்கிறாங்க" என்றாள்.

"ஏதோ பறவை."

"இப்படியா கத்தும்?"

"ராத்திரியில கத்தும். ஜோடியக் காணோம்னு தேடும்."

கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "பாவம்" என்றாள். வண்டியில் ஏறும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவளுக்குக் குளிர்காற்று ஒத்துக்கொள்ளாது.

மறுநாள் விறகு பொறுக்கப் போனவர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். விசில் வாயிலேயே இருந்ததாம். நேரத்தோடு தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார், சொல்லவில்லை, செத்தார். கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அது பறவை இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டீர்களாமே. அப்போதிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம், என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். துக்கம் சார், வேறொன்றுமில்லை. கூடப் பிறந்தவன் போய்விட்டான், இந்த நேரத்தில் அவளைத் தேற்றப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நான் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.