கூரைக்குக் கீழே பிடித்த கை

மாலை ஆறு மணி. மலைச்சாலை. மேலே ஏறிக்கொண்டிருக்கும் வண்டி ஒன்றே ஒன்று... எதிரே எதுவும் வரவில்லை, பின்னாலும் எதுவும் இல்லை. மூடுபனி இறங்க ஆரம்பித்துவிட்டது. வண்டியை ஓட்டுகிறவர் என் சிநேகிதனுடைய அத்தான்.

நமக்கும் அவர் அத்தான் என்றே வைத்துக்கொள்வோம், முறை கேட்டு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அந்தக் கதவை யாராவது சாத்துங்கள். தாழ்ப்பாள் வேண்டாம்... சும்மா சாத்தினால் போதும். பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் நடுவில் வந்து உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் ஓரத்திலேயே இருக்கட்டும், அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கலாம்.

அத்தானுக்குத் தொழில், வண்டிகளின் கூரையில் சாட்டிலைட் ஆன்டெனா பொருத்துவது. டவர் எட்டாத இடங்களுக்குப் போகிற வண்டிகள் இருக்கின்றன அல்லவா... சர்வே ஜீப், நடமாடும் ஆஸ்பத்திரி, அந்த மாதிரி. அதன் கூரையில் தட்டையாக ஒரு பலகை படுத்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டால், டவர் இல்லாத இடத்திலும் வை-ஃபை வழியாகக் கைப்பேசியைப் பேச வைக்கும். தூக்கிப் பார்த்தால் அரை மூட்டை சிமெண்ட் கனம். பார்வைக்குப் பரம சாது. சரியாக இறுக்காமல் விட்டால்தான் அதன் குணம் தெரியும். வேகத்தில் காற்று அடியில் புகுந்தால் பிய்த்துக்கொண்டு போய்ப் பின்னால் வருகிறவன் தலையில் விழும். இறக்கத்தில் பிரேக் போட்டால் முன்னால் சரிந்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் மடியிலேயே வந்து உட்காரும். ஒரு பக்கம் பள்ளம் என்றால், மிச்சத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் கூரை மேல் நின்று நட்டைத் திருப்புவார். இன்னொருவர் வண்டிக்குள் நின்று, கூரையைத் துளைத்துப் போகிற போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொள்வார். கீழே பிடிக்க ஆள் இல்லையென்றால் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றும்... விடிய விடியச் சுற்றினாலும் இறுகாது. பட்டறைச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால், கீழே நிற்பவர் கூரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால், பிடித்துவிட்டேன், திருப்பு. இரண்டு தட்டு என்றால், நிறுத்து.

அத்தானுக்குக் கீழே பிடிக்கிறவர் அவருடைய சகலை, அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பட்டறை இருவருக்கும் பொது. நகமும் சதையும் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். சகலையின் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு அடங்கிக் கிடக்கும். பல்வலிக்கு என்று ஆரம்பித்த பழக்கம்... பல்லைப் பிடுங்கிய பிறகும் கிராம்பு போகவில்லை. 'பல்லு போனாலும் பாசம் போகல' என்று அத்தான் கேலி செய்வார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இறுக்கி முடித்த நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டிலிருந்து அடித்தகடு வரை ஒரே கோடு. நட்டு பிறகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கோட்டுக்கு இன்னும் பெரிய மரியாதை. ஒருவர் கோடு போட்ட நட்டில் இன்னொருவர் ஸ்பேனர் வைக்க மாட்டார். வைத்தால், 'உன்னை நான் நம்பவில்லை' என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்ன மாதிரி.

அன்று காலை மலைக்கு அப்பால் இருக்கிற ஆஸ்பத்திரிக்காக ஒரு நடமாடும் ஆஸ்பத்திரி வண்டியில் வேலை. முடிந்ததும் அத்தானே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும். பலகையைத் தூக்கி வைத்து, நாலு மூலையிலும் நட்டைக் கையால் மட்டும் திருகி விட்டிருந்தார்கள். அப்போது வீட்டிலிருந்து போன். அத்தானின் மனைவி, அதாவது என் சிநேகிதனின் அக்கா. அக்கா என்றே சொல்வோம்.

"பாப்பா விடாம வாந்தி எடுக்கறா. உடனே வாங்க."

அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சகலைதான் தோளைத் தட்டினார்.

"நீங்க கிளம்புங்க சகலை. பக்கத்து வெல்டரக் கூப்பிட்டுக் கீழ பிடிக்கச் சொல்லிக்கறேன். நான் இருக்கேன்ல?"

வீட்டுக்கு ஓடினால், பாப்பா வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். "இப்பதாங்க சரியாச்சு," என்றாள் அக்கா. போன உயிர் திரும்பி வந்தது அத்தானுக்கு. குழந்தையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, பட்டறைக்குத் திரும்பினார்.

ஏணியில் ஏறிப் பார்த்தால், நாலு மூலையிலும் மஞ்சள் கோடு. பெயிண்ட் ஈரம்கூடக் காயவில்லை. அத்தானின் கை ஸ்பேனர் பக்கம் போனது... கீழே சகலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அத்தானுக்கு வெட்கமாகிவிட்டது. ஸ்பேனரைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

"இருட்டறதுக்குள்ள மலையத் தாண்டிடுங்க," என்றார் சகலை. அத்தான் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது மலைச்சாலைக்கு வாருங்கள். மாலை ஆறு மணி.

ஏற்றம் முடிந்து உச்சிக்கு வந்துவிட்டார். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான். பனி விளக்கு வெளிச்சத்தை நாலடிக்கு மேல் போக விடவில்லை. ஒரு கடை இல்லை, வீடு இல்லை. ஒரு நாய் குரைக்கக்கூட இல்லை. கைப்பேசியில் டவர் செத்து ரொம்ப நேரமாகிவிட்டது. இஞ்சின் சத்தமும் வைப்பர் சத்தமும்... க்ரிச், க்ரிச்... அவ்வளவுதான்.

முதலில் வாடை வந்தது. கிராம்பு.

சகலை காலையில் வண்டிக்குள் வேலை செய்தார், அந்த வாடை தங்கியிருக்கும் என்று அத்தான் நினைத்துக்கொண்டார். நியாயம்தானே? ஆனால் தங்கிப்போன வாடை நேரம் போகப் போகக் குறையும். இது ஏறிக்கொண்டே வந்தது. காதுக்குப் பக்கத்தில் யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுவது மாதிரி.

பிறகு... பின்னால், ஆஸ்பத்திரி அறையின் கூரையிலிருந்து...

டொக். டொக்.

பழக்கம் முந்திக்கொண்டது. கால் பிரேக்கை மிதித்து, வண்டி நின்று, கைப்பிரேக்கும் போட்ட பிறகுதான் பயம் வந்து சேர்ந்தது. வண்டிக்குள் அவரைத் தவிர யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுபடி தட்டவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்கதவைத் திறந்தார். படுக்கை, மருந்து அலமாரி, மடக்கு நாற்காலி. ஆள் இல்லை. கிராம்பு வாடையோடு இப்போது பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தது. அது டீசல் வண்டி.

டார்ச்சைக் கூரைக்குத் தூக்கினார். மூலையில் போல்ட்டின் தலை. எக்கி, விரலால் தொட்டார். சுற்றியது... பாட்டில் மூடி மாதிரி, லேசாக, அது பாட்டுக்குச் சுற்றியது. அடுத்த மூலை. அதுவும். நாலும் அப்படியே.

அந்தப் பதற்றத்திலும் ஆன்டெனா சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினார். ஓடிக்கொண்டிருக்கும் பலகைக்கு முன்னால் முகத்தைக் காட்டக் கூடாது, அது அவர் ரத்தத்தில் ஊறிய ஒழுங்கு. மேலே பார்த்தால்... கோடுகள் நாலும் நேராக, அழகாக, துளி பிசகாமல் இருந்தன. அந்த அழகைப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. தளர்ந்து உடைந்த கோடு இல்லை அது. இறுக்கவே இல்லை. இறுக்காத நட்டின் மேல் பொறுமையாக உட்கார்ந்து, கை நடுங்காமல் இழுத்த கோடு. நட்டைக் கையால் பற்றித் திருப்பினார், தகடு அப்படியே நிற்க, கோடு இரண்டாகப் பிரிந்தது.

முதலில் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தப் பனியில், அந்தக் கூரை மேல், பெரிய மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து அழுதார்.

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டியேடா... நான் உனக்கு என்னடா பண்ணேன்?"

அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டித் திருப்பினார். சுற்றியது. நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. கீழே பிடிக்க ஆள் இல்லாத வேலை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஆத்திரத்தில் திருப்பிக்கொண்டே இருந்தார். சுற்றியது... சுற்றியது...

நின்றது.

கர்ர்... என்று இழுத்துப் பிடித்தது. கோபத்தில் இருந்த மனிதர் யோசிக்கவில்லை. தோளைக் கொடுத்து அழுத்தினார். நட்டு கல் மாதிரி இறுகியது. காலடியில் கூரைத் தகடு அதிர்ந்தது.

டொக்.

கை தானாக அடுத்த மூலைக்குப் போனது. அங்கேயும் கீழே கெட்டியாகப் பிடி. இறுக்கினார். டொக். மூன்றாவது மூலையில், பாதித் திருப்பலில்தான் அத்தானுக்கு மண்டையில் உறைத்தது...

கீழே பிடித்துக்கொண்டிருப்பது யார்?

நீங்களாக இருந்தால் குதித்து ஓடியிருப்பீர்கள். அவர் ஓடவில்லை. ஏணி இறங்குவது பின்கதவுக்குப் பக்கத்தில். கதவு திறந்து கிடக்கிறது. அதைத் தாண்டாமல் எங்கே ஓடுவது? அதோடு, கையை நிறுத்தினால் கீழே இருப்பது மேலே ஏறி வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியதாம். மூன்றாவதை முடித்து, நாலாவது மூலையையும் இறுக்கினார். டொக்.

அத்தோடு உள்ளே, டிக் என்று சுவிட்ச் விழும் சத்தம். பலகையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. வேலை முடிந்ததும் கீழே நிற்பவர்தான் சுவிட்சைப் போடுவார், பட்டறையில் எப்போதும் அப்படித்தான். அத்தான் பலகைக்குப் பின்னால் நகர்ந்து, கூரையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"சகலையா?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

தட்டு இல்லை. மூச்சு இல்லை. கிராம்பு வாடை மட்டும் திறந்த கதவு வழியாக மேலே வந்துகொண்டிருந்தது.

ஆன்டெனா வானத்தைப் பிடித்துவிட்டது போல. சட்டைப் பையில் செத்துக் கிடந்த கைப்பேசி உயிர் வந்து அலறியது. அக்கா.

"என்னங்க... எத்தன வாட்டி போடறேன்... இப்பதான் கிடைக்குது..." விம்மி விம்மி அழுகிறாள். "தங்கச்சி வீட்டுக்காரரு செத்துட்டாருங்க."

அத்தான் கூரை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துலயே பைக்க எடுத்துக்கிட்டு உங்க பின்னாடி பறந்தாராம். பித்துப் பிடிச்ச மாதிரி போனாருன்னு வெல்டர் சொல்றாரு. அடிவாரத்துல லாரி அடிச்சு... மூணு மணிக்கே உயிர் போயிடுச்சுங்க..."

அவர் காலுக்குக் கீழே, வண்டிக்குள், படுக்கை கிறீச்சிட்டது. நின்று களைத்தவர் உட்கார்ந்த மாதிரி. அத்தானுக்கு இப்போது அதைக் கேட்டுப் பயம் வரவில்லை. 'பாவி, கடைசியில் மனசு கேட்காமல் ஓடி வந்திருக்கிறான்' என்று நெஞ்சு உருகியது. இவ்வளவு செய்தவனுக்காக மறுபடி அழுகை வந்தது பாருங்கள், அதுதான் அத்தான்.

"எதுக்கு உங்க பின்னாடி வந்தாருன்னு யாருக்கும் தெரியலங்க," என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்குப் போன் ஏதாவது பண்ணாரா?"

"இல்ல. இங்க டவர் இல்ல."

"ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல."

"வழியில எங்கயாவது வண்டிய நிறுத்தினீங்களா?"

அத்தான் இல்லை என்றார். ஏன் பொய் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மேல ஏறி... அந்த நட்டு எதையும் தொட்டுப் பாக்கலையே?"

தொழில் விஷயம் எதையும் அவர் வீட்டில் பேசுகிறவர் இல்லை. பட்டறைப் பக்கம் அக்கா ஒருநாளும் வந்தவளும் இல்லை. கூரை மேல் உட்கார்ந்திருந்த மனிதருக்கு, காலையில் வந்த அந்தப் போனும், வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த பாப்பாவும் நினைவுக்கு வந்தன.

"இல்ல," என்றார்.

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டது காதில் விழுந்தது. அழுகை நின்றுபோயிருந்தது.

"அப்ப பாக்க வேண்டாம்," என்றாள். "வண்டியத் திருப்பிக்கிட்டு, எங்கயும் நிக்காம, வேகமா இறங்கி வாங்க."