ஒரு தடவைகூட பெயில் ஆகாத கார்

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு டாக்ஸிக்காரர் மடியில் குழந்தையைப் போல ஒரு ஹாரனை வைத்திருந்தார்.

“வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டுறேன். நம்ம குட்டிக் காரு ஒரு தடவைகூட பெயில் ஆனதில்லீங்க,” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

“இந்த வருஷம்?”

“இன்னிக்குக் காலையிலதான் பாஸ் ஆச்சு.”

“அப்புறம் ஏன் பஸ்ஸுல வர்றீங்க?”

“டயரு, பேட்டரி, இந்த ஹாரன் எல்லாம் பெண்ணாடத்து மச்சான் காருலேருந்து கழட்டுனது. நாளைக்கு அவரு வண்டியக் காட்டணும். டயருங்க பஸ்ஸு மேல கெடக்குது.”

பக்கத்தில் இருந்தவர் ஹாரனையே பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை எம் பொண்ண மாப்ள வூட்டுக்கு அனுப்ப ஒங்க காரத்தான சொல்லியிருக்கேன்?”

“பயமே வாணாங்க. பாஸான வண்டி.”