ஏணித் துளையில் அணைந்த சூடம்

சூடப் புகை பட்டால் எனக்குத் தும்மல் வரும், இன்ஸ்பெக்டர். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எதையோ மறைத்தேன் என்று சொல்லக்கூடாது.

துறைமுகத்தில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளன். தாதுக் கப்பலின் அடியறைக்குள் ஆட்கள் இறங்கலாமா என்று சொல்வது என் வேலை. மூடிக் கிடக்கும் தாது, அறையிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். அதனால் கருவியை விட்டு அளக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கோ வேறு கருவி. எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து அவர்களோடு வேனில் வரும் மூத்த தொழிலாளி ஐயாவு, தட்டில் சூடம் ஏற்றி, கயிறு கட்டி, அடியறைக்குப் போகும் ஏணித் துளைக்குள் இறக்குவார். எரிந்தால் அம்மன் உத்தரவு. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். பிராணவாயு இல்லாத இடத்தில் சூடம் எரியாது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான்.

இதே ஐயாவுதான் எங்கள் மாரியம்மன் கோயில் தேர்தலில் என்னைத் தோற்கடித்துத் தலைவரானவர். அவர் படித்தது ஆறாம் வகுப்பு, நான் டிப்ளோமா. ஊராரின் அறிவு அப்படி. திருவிழாவில் எனக்குக் கிடைத்த பொறுப்பு, செருப்புகளைக் காவல் காப்பது. சிரித்துக்கொண்டேதான் செய்தேன். உள்ளுக்குள் எரிந்தது, மறுக்கவில்லை.

அன்று சூடம் பாதி ஆழத்திலேயே அணைந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடியும் அணைந்தது.

"அம்மா உத்தரவு கொடுக்கல தம்பி. இன்னிக்கு வேணாம் லா," என்றார்.

"தலைவரே, கப்பல் நிக்குது. காத்துல அணைஞ்சதுக்கெல்லாம் அம்மாவ இழுக்காதீங்க. பயமா இருந்தா வீட்டுக்குப் போங்க," என்றேன்.

ஆட்கள் சிரித்தார்கள். அந்தக் குறுகிய துளைக்குள் காற்று எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐயாவுக்கு முகம் கறுத்தது.

"சரி, நானே மொதல்ல எறங்குறேன். நீங்க மேல நில்லுங்க."

தலைவர் அல்லவா! சூடம் அணைந்த அதே ஆழத்தில் மயங்கி, ஏணியிலிருந்து விழுந்தார். காப்பாற்றப் பாய்ந்தவர்களை நான்தான் பிடித்து நிறுத்தினேன். அதற்காக நிர்வாகம் என்னைப் பாராட்டியது.

கருவியால் அளக்கவில்லையா என்கிறீர்கள். என்னை யாரென்று நினைத்தீர்கள்? வேன் வருமுன்பே அளந்துவிட்டேன். பிராணவாயு போதாது என்று அது விடாமல் அலறியது. அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடமையில் நான் தவறியதே இல்லை.

சீக்கிரம் முடித்துக்கொள்ளலாமா? மாலையில் கோயிலில் ஐயாவுக்கு இரங்கல் கூட்டம். இடைக்காலத் தலைவரான நான் போகாமல் எப்படி ஆரம்பிப்பார்கள்?