லாங் யூன் கிழிச்ச தலைப்பாகை

குதிரைக்காரங்க மலையேறி உப்பு கொண்டுவந்த காலம். சீன தேசத்து யுன்னான் மலைக்குள்ள, நம்ம ஹூசா பள்ளத்தாக்குல ஒரு ஊரு. ஊரு முழுக்க நம்ம அச்சாங் சனங்க. விடிஞ்சா சம்மட்டிச் சத்தம், பொழுது சாய்ஞ்சாலும் சம்மட்டிச் சத்தம். பேசுறவங்க வெளிய போய்ப் பேசுங்க, இது சிரிக்கிற கதை இல்ல.

அங்க லாங் ஷான்னு ஒரு கொல்லர். அவரு அடிச்ச கத்திய இடுப்புல கச்சை மாதிரி சுத்தலாமாம், விட்டா நிமிந்துக்குமாம். விக்கிற கத்திய இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை வளைச்சுப் பாக்காம குடுக்கவே மாட்டாராம்.

அவருக்கு ஒரு மக, லாங் யூன். எங்க பாட்டனுக்குப் பாட்டனோட அக்கா. மா தெங்குன்னு ஒரு பையனுக்குப் பேசி முடிச்சாங்க. கல்யாணமான பொம்பளைதான கறுப்புத் தலைப்பாகை கட்டுவா? அதுக்குப் பதினஞ்சு முழத் துணிய யூன் நெய்து வச்சுட்டா. மாப்பிள்ளை இடுப்புக்குக் கத்தி வேணும்ல, அத மாமனாரே அடிச்சாரு. ஒரு பக்கம் வளைச்சாரு. நிமிந்துச்சு. நம்ம வீட்டுப் புள்ளைக்குத்தானேன்னு மறுபக்கம் பாக்காம குடுத்துட்டாராம். ஊரானுக்கெல்லாம் ரெண்டு பக்கம் பாத்த மனுசன்!

கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கு. பந்தலுக்கு மூங்கில் வெட்டப் போன எடத்துல கரடி. மா தெங் ஒரு வெட்டு வெட்டினான், கத்தி தாங்குச்சு. மறுவெட்டுல கத்தி படக்குன்னு ஒடைஞ்சுபோச்சாம். கூடப் போனவங்க அவனத் தூக்கிட்டு வந்தாங்க. கையில வெறும் பிடிதான் இருந்துச்சாம்.

லாங் ஷான் கத்தி ஒடைஞ்ச எடத்தப் பாத்தாரு. தான் வளைச்சுப் பாக்காத பக்கந்தான் ஒடைஞ்சிருக்குன்னு புரிஞ்சுபோச்சு. ஊரக் கூட்டி, நான்தான் கொன்னேன்னு அழுதாரு. சம்மட்டியப் போட்டு ஒடைக்கப் போனாரு. யூன் வந்து கையப் பிடிச்சாளாம்.

"அத ஒடைச்சா அவரு வருவாரா? நீங்க அடிங்கப்பா. மறுபக்கம் நான் வளைச்சுப் பாக்குறேன்."

அப்பனத் திட்டவும் இல்ல, மன்னிச்சேன்னும் சொல்லலையாம். அன்னையிலேருந்து அடிச்ச ஒவ்வொரு கத்தியையும் தன் இடுப்புல சுத்திப் பாத்தா, ரெண்டு பக்கமும். தாங்கின கத்தியோட பிடியில, அந்தத் தலைப்பாகைத் துணியில ஒரு விரல் அகலம் கிழிச்சுக் கட்டினா. தலையில ஒரு நாளும் கட்டல. தலை நரைக்கிற வரைக்கும் கல்யாணமாகாத பொண்ணு மாதிரி பின்னல்தான்.

பதினஞ்சு முழமும் ஒரு நாள் தீந்துபோச்சு. மறுநா காலையில ஊருப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியா பட்டறைக்கு வந்து, தன் தலைப்பாகையிலேருந்து ஒரு துண்டு கிழிச்சு அவ மடியில வச்சாங்களாம். யூன் அன்னைக்குத்தான் வாய்விட்டு அழுதாளாம்.

அதான்யா, இன்னைக்கும் நம்ம ஊருக் கத்தியப் பட்டறைவீட்டுப் பொம்பளை வளைச்சுப் பாத்துதான் வெளிய விடுவா. பிடியில கறுப்புத் துணி இல்லன்னா வாங்காத. உன் அப்பனே அடிச்சதா இருந்தாலும் வாங்காத.