சொந்தக்காரர் இல்லாத நோயாளிகள்

காலையில் கோரிமேடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் தலையணை மாதிரி ஒரு புத்தகம். வெளிநாட்டு நர்ஸ் லைசென்ஸ் பரீட்சைக்கு இன்னும் பத்தே நாள் என்று அதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

“அக்கா, இந்த புக்குல ஒரு பேஷண்டுக்குக்கூட சொந்தக்காரங்களே இல்லக்கா.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என்னாடி சொல்ற?” என்றாள் மூத்தவள்.

“ஆபரேஷன் முடிஞ்ச பெரியவரு சாப்புட மாட்டேங்குறாரு. நீ மொதல்ல என்னா செய்வ?”

“அவரு பொண்டாட்டியக் கூப்புட்டு ஊட்டச் சொல்லுவேன்.”

“நானும் அதான் நெனச்சேன். நாலு ஆன்சர்லயும் பொண்டாட்டி இல்ல.”

“வெளிய நிப்பாங்க, நல்லா பாருடி.”

“வெளியவும் யாரும் இல்லக்கா. இன்னொரு கேள்வியில, பயந்து அழுவுற பொம்பள பேஷண்டு பக்கத்துல நர்ஸ்தான் உக்காரணுமாம். நம்ம வார்டுல உக்கார எங்க எடம்? கட்டிலுக்கு அடியிலயே ரெண்டு பேரு படுத்துக் கெடப்பாங்க.”

“அப்ப யாரும் இல்லாத ஆளுன்னு நெனச்சுக்கிட்டு எழுது.”

“அப்படி ஒரு ஆளப் பாத்தாதானே நெனைக்க முடியும்? போன தடவயும் பரீட்ச இதுலதான் போச்சு.”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

மூத்தவள் கேட்டாள்: “ஏன்டி, நீ வெளிநாடு போயிட்டா, உங்கம்மா ஒடம்பு முடியாமப் படுத்தா பக்கத்துல யாரு இருப்பாங்க?”

இளையவள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

“அந்தக் கேள்வி இதுல இல்லக்கா.”